நிரல்களின் கதை – 14: தாய்ப்பத்திரம் இல்லாத வரைபடம்

சடையங்குப்பத்திலோ பக்கத்து இடையஞ்சாவடியிலோ அரை கிரவுண்டு மனை வாங்கப் போகிறவர், விலை பேசுவதற்கு முன்பே தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். விற்கிறவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தியதன் எண்ணையும் ஆண்டையும் சொல்லியாக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப் போயிருந்தால் வக்கீல் உதட்டைப் பிதுக்குவார், வங்கி கடன் கொடுக்காது. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கைமாறும்.

அரை கிரவுண்டுக்கே இவ்வளவு கெடுபிடி. ஆனால், இதே ஊரை ஒட்டி ஓடும் கொசஸ்தலை ஆறு போய்ச் சேர்கிற எண்ணூர்க் கழிமுகத்துக்கு அரசு அலுவலகங்களில் இரண்டு முகம் கொண்ட வரைபடம் இருந்தது. கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் 'வெர்ஷன் கன்ட்ரோல்' என்று சொல்கிற கருவியின் வரலாற்றை அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம். மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று பொறியியல் கல்லூரியில் முதல் நிரலை எழுதியதும் அடுத்து மோதுவது இந்தக் கருவியில்தான். செய்த ப்ராஜெக்டை ஜிப் ஆக்கி வாட்சப்பில் அனுப்பிக்கொண்டிருந்தவர்களை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே "கிட் தெரியுமா?" என்று கேட்கிறார்கள்.

வரைபடத்தை முதலில் பார்ப்போம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரியில் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலமும் தன் கடற்கரையை வரைந்து, எந்த இடத்தில் என்ன கட்டலாம், எங்கே கட்டவே கூடாது என்று பிரித்துக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டின் வரைபடத்துக்கு 1996 செப்டம்பரில் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. அதில் எண்ணூர்க் கழிமுகம், அலை ஏறி இறங்கும் நீர்ப்பரப்பாக, கடும் பாதுகாப்புள்ள முதல் வகையில் இருந்தது. பிறகு அந்தச் சதுப்பில் துறைமுகமும் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளங்களும் வளர்ந்தன. 2017-இல் சூழல் ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது கைக்கு வந்த தாள்களில் ஒன்று 1996 வரைபடம். இன்னொன்றில் கழிமுகத்தின் பெரும்பகுதியையே காணோம். ஆர்வலர்களின் கணக்கில் 6,000 ஏக்கருக்கும் மேல். மத்திய அரசு ஒப்புதல் தந்தது 1996 வரைபடத்துக்கு மட்டுமே, இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டார்கள். காட்டுக்குப்பத்து மீனவர்கள் வலை போடுகிற தண்ணீர் தாளில் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரைபடம் மாறவே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஆறு திரும்பும், முகத்துவாரம் மணல் மூடும், சாம்பல் கொட்டிய இடம் மேடாகும். அறிவிக்கையே 2011-இல் ஒருமுறை, 2019-இல் ஒருமுறை புதிதாக எழுதப்பட்டது. மாறட்டும். எந்த வரைபடத்திலிருந்து மாறியது, யார் கைபட்டு மாறியது, எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக? இந்த நாலும் தாளோடு ஒட்டியிருக்க வேண்டும். நிரலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டியது இந்த நாலுக்காகத்தான்.

1973-இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வரிசைக் கணினி வந்தது. அது துளையிட்ட அட்டைகளின் காலம். ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஆயிரம் வரி நிரல் என்றால் ஆயிரம் அட்டைகளைக் கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கை தவறி விழுந்து கலைந்தால் திரும்ப அடுக்க வசதியாக, கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்பது உலகெங்கும் இருந்த பழக்கம். பிறகு ஒரு வரியை மாற்றினால் பழைய அட்டையை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவார்கள். புதிய அட்டையின் விளிம்பில் அந்தக் கோடு இருக்காது. கட்டை மேலிருந்து பார்த்தாலே எங்கெங்கே கைவைத்திருக்கிறார்கள் என்பது பல் விழுந்த மாதிரி தெரிந்துவிடும். 'எங்கே' என்பதற்கு விடை கிடைத்தது. 'யார், எப்போது, ஏன்' கிடைக்கவில்லை. உருவிய பழைய அட்டை குப்பைக்கூடையில்.

அதே ஐபிஎம் 370-க்காகத்தான் 1972-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்சிசிஎஸ் என்ற முதல் கருவியை எழுதத் தொடங்கியிருந்தார். 1975-இல் அதை விளக்கி அவர் எழுதிய கட்டுரையை இந்தத் துறையின் மூலப்பத்திரம் என்று சொல்லலாம். யோசனை எளிது. ஒவ்வொரு முறையும் முழுக்கோப்பையும் நகலெடுத்து வைக்காதே. வட்டில் இடம் கிடைப்பது அன்று குதிரைக்கொம்பு. மாறிய வரிகளை மட்டும் எழுதி வை, மாற்றியவர் பெயரும் நேரமும் காரணமும் அதோடு இருக்கட்டும். வேண்டும்போது எந்தப் பழைய நிலையையும் அந்தத் துண்டுகளைக் கோத்து மீட்டுவிடலாம்.

எஸ்சிசிஎஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒரு சின்ன ஏற்பாடு. நிரலுக்குள்ளேயே ஓர் அடையாளக் குறி இருக்கும். நிரலைக் கம்பைல் செய்து, இயந்திரம் மட்டும் படிக்கும் கோப்பாக ஆன பிறகும் அந்தக் குறி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். 'வாட்' என்று ஒரு கட்டளை கொடுத்தால், அது கோப்பைத் துழாவி 'நான் இன்ன நிரலின் இத்தனையாம் நிலை' என்று எடுத்துக் காட்டும். அலமாரியில் இருக்கும் மூலமும் வாடிக்கையாளர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு அங்கேயே பதில். கழிமுகத்தில் ஒரு குழாய் பதிக்கவோ சாலை போடவோ அனுமதி தந்த ஒவ்வொரு உத்தரவிலும், எந்த வரைபடத்தின் எந்த நிலையைப் பார்த்துத் தந்தோம் என்று இப்படி ஒரு குறி அச்சாகியிருந்தால் 2017-இல் யாரும் மனுப் போட்டுத் தேடியிருக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 'டிஃப்' என்ற நிரலை உருவாக்கினார். இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் எந்தெந்த வரி வேறுபடுகிறது என்று அது பிரித்துக் காட்டும். இன்றும் நாள் முழுக்க நிரலாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பது டிஃப்பைத்தான். புதிதாகக் கற்கிறவர்களுக்காகச் சடையங்குப்பத்தையே ஒரு கோப்பில் போட்டுப் பார்ப்போம்:

− சடையங்குப்பம், திருவள்ளூர் மாவட்டம்
+ சடையங்குப்பம், சென்னை மாவட்டம்

கழித்தல் குறி போட்டது போன வரி, கூட்டல் குறி போட்டது வந்த வரி. இந்த மாற்றத்தைப் பதிவு செய்வதற்குப் பெயர் 'கமிட்'. அதோடு ஒரு குறிப்பும் எழுத வேண்டும்: '2018 எல்லை விரிவாக்கத்தில் ஊர் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது.' இதற்கு முந்திய கமிட், '2011: சடையங்குப்பம் ஊராட்சி சென்னை மாநகராட்சியில் இணைந்தது.' அதற்கும் முன்னால், '1997: செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உருவானது.' ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'லாக்' என்ற கட்டளை இந்தக் குறிப்புகளை எல்லாம் கடைசியிலிருந்து முதல்வரை வரிசையாக எடுத்துப் போடும். நிரலுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது இப்படித்தான்.

1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ், கடைசி நிலையை முழுசாக வைத்துக்கொண்டு பழையவற்றை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. பெரும்பாலும் எல்லோருக்கும் தேவைப்படுவது கடைசி நிலைதானே. ஆனால் ஆர்சிஎஸ்ஸிலும் எஸ்சிசிஎஸ்ஸிலும் ஒரு தொல்லை. ஒருவர் கோப்பைத் திருத்த எடுத்தால் பூட்டு விழுந்துவிடும். அவர் திறந்துவிடும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பூட்டிவிட்டு லீவில் போனவரைத் தேடிய கதைகள் அந்தத் தலைமுறையிடம் ஏராளம்.

பூட்டை உடைத்தவர் ஆம்ஸ்டர்டாமில் பாடம் நடத்திக்கொண்டிருந்த டிக் க்ரூன். அவரும் இரண்டு மாணவர்களும் ஒரு சி கம்பைலரை எழுதிக்கொண்டிருந்தார்கள். மூவருடைய நேரமும் ஒத்துவரவில்லை. ஒருவர் ஒழுங்காக வேலைநேரத்தில் வருவார், ஒருவர் தோன்றினால் வருவார், ஒருவருக்கு மாலையில் மட்டுமே ஒழியும். மூவரும் ஒரே கோப்பில் ஒரே சமயத்தில் கைவைக்கட்டும், கடைசியில் மாற்றங்களை இணைத்துக்கொள்ளலாம் என்று 1986-இல் சில ஸ்க்ரிப்ட்களை எழுதி வெளியிட்டார். அதுதான் சிவிஎஸ். 1989-இல் பிரையன் பெர்லினர் அதைச் சி மொழியில் திரும்ப எழுதினார். கட்டற்ற மென்பொருள் உலகம் பதினைந்து வருடம் இதன் தோளில்தான் ஏறிப் போனது. கே.டி.ஈ பணிமேடையைத் தமிழாக்கிய தன்னார்வலர்களின் கோப்புகளும் சிவிஎஸ்ஸில் இருந்தவையே. 2005 மே மாதம் கே.டி.ஈ, சப்வெர்ஷன் என்ற அடுத்த கருவிக்கு மாறியது. இரண்டிலும் வரலாறு முழுக்க ஒரு சர்வரில்தான் இருக்கும். மோடம் கீச்சிட்டு இணைப்பு அறுந்துவிட்டால், நேற்று என்ன மாற்றினோம் என்று பார்க்கக்கூட வழி இல்லை.

இப்போது லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கி 2002 வரை எந்தக் கருவியும் இல்லாமலே அந்தப் பெரிய நிரலை நடத்தினார். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் டிஃப்கள் மின்னஞ்சலில் வரும். அவர் படித்துப் பார்த்துத் தன் கோப்புகளில் ஒட்டுவார். சிவிஎஸ் என்றாலே அவருக்கு வேப்பங்காய். 2002-இல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவிக்குப் போனார். லாரி மெக்வாயின் நிறுவனம் அதைக் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கு, சில நிபந்தனைகளோடு இலவசமாகத் தந்திருந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் என்ற நிரலாளர் அந்தக் கருவி சர்வரோடு எப்படிப் பேசுகிறது என்று ஆராயப் போக, மெக்வாய் கோபித்துக்கொண்டு இலவசத்தை நிறுத்தினார். அது 2005. ஏப்ரல் 3 அன்று லினஸ் தானே ஒரு கருவி எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று அந்தக் கருவி தன் மாற்றங்களைத் தானே பதிவு செய்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.12 அதைக் கொண்டே நிர்வகிக்கப்பட்டது. ஜூலையிலேயே பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டு லினஸ் தன் பழைய வேலைக்குத் திரும்பினார். கருவியின் பெயர் கிட். (தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 2005-இல்தான், அக்டோபரில்.)

கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்துகள் கொண்ட ஒரு எண் உண்டு. அதை யாரும் இஷ்டத்துக்குக் கொடுப்பதில்லை. கோப்புகளின் உள்ளடக்கம், மாற்றியவர் பெயர், நேரம், குறிப்பு, முந்திய கமிட்டின் எண் எல்லாவற்றையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கில் போட்டு எடுப்பது. ஒரு புள்ளி மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். முந்திய கமிட்டின் எண்ணும் கணக்குக்குள் இருப்பதுதான் சூட்சுமம். தாய்ப்பத்திரத்தின் எண் மகள் பத்திரத்துக்குள், அதன் எண் பேத்திப் பத்திரத்துக்குள். எங்கோ பத்து வருடத்துக்கு முந்திய ஒரு வரியைச் சத்தமில்லாமல் திருத்தினால், அன்றிலிருந்து இன்றுவரை உள்ள எல்லா எண்களும் மாறிவிடும், ஊரைக் கூட்டிவிடும்.

தாயே இல்லாத கமிட் உண்டா? உண்டு, முதல் கமிட். லினக்ஸின் இன்றைய கிட் வரலாறே அப்படித்தான் 2005 ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு முந்திய வரலாற்றை இங்கே கொண்டுவரவில்லை என்று லினஸ் அந்தக் கமிட்டின் குறிப்பிலேயே எழுதிவைத்தார். தாய்ப்பத்திரம் இல்லை என்றால் இல்லை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டுத் தொடங்குவதில் பிழையே கிடையாது. எண்ணூரில் வந்த சண்டை வேறு. அங்கே தாய் எது என்று சொல்லாத ஒரு தாள், ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வாரிசுபோல வந்து நின்றது.

கிட்டின் இன்னொரு குணம், ஒவ்வொருவர் கணினியிலும் வரலாறு முழுசாக இருப்பது. 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரசாரத்தைக் காரணம் காட்டி மத்திய அரசு 32 இணையதளங்களை முடக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் கிட்ஹப்பும் மாட்டிக்கொண்டது. கிட் வேறு, கிட்ஹப் வேறு. பின்னது கிட் கோப்புகளை இணையத்தில் வைத்துப் பகிரும் ஒரு சேவை. 2008-இல் தொடங்கியது, 2018-இலிருந்து மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தம். தடை விலகச் சில நாள் ஆயிற்று. சென்னையிலும் பெங்களூரிலும் கிட்ஹப் திறக்காமல் திட்டியவர்கள் தங்கள் மடிக்கணினியில் கமிட் போட்டுக்கொண்டே இருக்க முடிந்தது. சிவிஎஸ் காலமாக இருந்தால் அன்று எல்லோருக்கும் லீவு.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையையும் சொல்ல வேண்டும். கிட்டில் உங்கள் பெயர் என்ன என்று கேட்கும் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் தட்டலாம், அது அப்படியே நம்பும். கையெழுத்துச் சாவி வசதி தனியாக இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. பழைய கமிட்களை அழித்துத் திரும்ப எழுதவும் வழி இருக்கிறது. மற்றவர்களிடம் பழைய நகல் இருப்பதால் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் ஒரே தடுப்பு. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, பார்வைக்கே நிறம் வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகளை ஒரே எஸ்ஹெச்ஏ-1 எண்ணோடு உருவாக்கிக் காட்டினார்கள். கிட்காரர்கள் அந்த வகைத் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை உடனே சேர்த்துவிட்டார்கள். எண்ணூரில் ஒரே கழிமுகத்துக்கு இரண்டு தாள் வெளிப்பட்டதும் அதே ஆண்டுதான். அங்கே கணிதம் எதுவும் தேவைப்படவில்லை.

வரைபடத்துக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கிறவர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து பார்க்கலாம். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய, பொதுமக்களே வரையும் உலக வரைபடம் அது. அதில் ஒவ்வொரு தெருவுக்கும் ஆற்றுக்கரைக்கும் நிலை எண் உண்டு. திருத்தியவரின் பயனர் பெயர், நேரம், குறிப்பு எல்லாம் உண்டு. ஒரு குளத்தை நீக்கினாலும், நீக்கியவரும் நீக்கிய நாளும் அங்கேயே கிடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெரு மூழ்கியது என்று ஆளாளுக்குக் குறித்தது இதை அடிப்படையாகக் கொண்ட வரைபடத்தில்தான். கொசஸ்தலையின் கோட்டைச் சொடுக்கி 'வரலாறு' என்பதைத் தட்டினால், அதை யார் எப்போது தொட்டார்கள் என்பது வரிசையாக வரும். மனு எழுத வேண்டாம், பத்து ரூபாய்க் கட்டணமும் வேண்டாம்.

தொடங்குகிறவர்களுக்கு ஐந்தாறு கட்டளை போதும். 'இனிட்' ஒரு கோப்புறையைப் பதிவுக்குக் கொண்டுவரும். 'ஆட்' எந்த மாற்றங்களைச் சேர்ப்பது என்று பொறுக்கும். 'கமிட்' பதியும். 'லாக்' வரலாற்றைக் காட்டும். 'டிஃப்' வேறுபாட்டைக் காட்டும். 'பிளேம்' ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரை வரிக்குப் பக்கத்திலேயே போடும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் நம் பெயர்தான் வரும். குறிப்பு எழுதும்போது மட்டும் சோம்பல் கூடாது. 'மாற்றம்', 'அப்டேட்' என்று எழுதுகிறவர், காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கோப்பை அனுப்புகிற குமாஸ்தாவுக்குச் சற்றும் குறைந்தவர் அல்ல. தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குக் கணியம் இணைய இதழ் இருக்கிறது, 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பின் மூலம் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. லாகை ஓடவிட்டு, யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்று பார்ப்பதே நல்ல பாடம்.

கடைசியாக, இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றிவிட்டால் என்ன ஆகும்? கிட் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. இருவர் எழுதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோப்பிலேயே வைத்து, நடுவில் சமக்குறிகளால் ஒரு கோடு போட்டு, இணைப்பை அப்படியே நிறுத்திவிடும். ஒருவர் உட்கார்ந்து எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தன் பெயரில் கமிட் போட்டால்தான் மேலே நகரும். அந்தக் கமிட்டுக்கு இரண்டு தாய். இதற்கு 'மெர்ஜ்' என்று பெயர். புதியவர்கள் கிட்டை வெறுக்க ஆரம்பிப்பதும் இங்கேதான். கிளை பிரித்து வேலை செய்வதையும் இந்தச் சிக்கலை அவிழ்ப்பதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)